மிரோஸ்லாவ் குளோசே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலகக்கோப்பைக் கால்பந்தில் 24 ஆட்டங்கள், 16 கோல்கள். ஜெர்மனிக்காக 137 ஆட்டங்கள், 71 கோல்கள். இந்த எண்கள் பலருக்குத் தெரியும். அவை எப்படி வந்தன, எந்தப் பாதையில் வந்தன என்பது அவ்வளவாகத் தெரியாது. குளோசேயைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

போலந்தில் பிறந்தவர் ஜெர்மனிக்கு ஆடியது எப்படி?

1978 ஜூன் 9 அன்று போலந்தின் ஓபோலே நகரில் பிறந்தார். தந்தை யோசெஃப் தொழில்முறைக் கால்பந்து வீரர். ஓட்ரா ஓபோலேயிலும் பிறகு பிரான்சின் ஆக்ஸேர் அணியிலும் ஆடியவர். தாய் பார்பரா போலந்து தேசிய அணியின் ஹேண்ட்பால் வீராங்கனை. தந்தை ஆக்ஸேருக்கு ஆடியதால் குளோசேயின் சிறுவயதில் சில ஆண்டுகள் பிரான்சில் கழிந்தன. தந்தைவழிக் குடும்பம் சைலீசியப் பகுதியின் ஜெர்மன் வம்சாவளி. போலந்தில் வாழ்ந்த அப்படிப்பட்ட குடும்பங்கள் ஜெர்மனியில் குடியேறக் கேட்டால் அந்நாளில் குடியுரிமை கிடைத்தது. எட்டு வயதை ஒட்டி, ஜெர்மன் மொழி ஏறக்குறைய எதுவுமே தெரியாமல், மேற்கு ஜெர்மனியின் கூசல் பகுதிக்கு வந்து சேர்ந்தார்.

2001 தொடக்கத்தில் போலந்தின் பயிற்சியாளர் யெர்சி எங்கெல் நேரில் வந்து தம் அணிக்கு அழைத்தார். குளோசே காத்திருந்தார். சில வாரங்களிலேயே ரூடி ஃபோலர் பயிற்றுவித்த ஜெர்மன் அணியிலிருந்து அழைப்பு வந்துவிட்டது.

தச்சுவேலை பார்த்தார் என்பது உண்மையா?

உண்மை. பள்ளி முடித்ததும் வீட்டுக் கூரைக்கு மரச்சட்டம் அமைக்கும் தச்சுத் தொழிலை முறையாகப் பயின்றார். பகலில் வேலை, மாலையில் பயிற்சி. பெரிய கிளப்புகளின் இளையோர் பயிற்சிக்கூடம் எதிலும் அவர் வளரவில்லை.

1998 வரை அவர் ஆடியது பிளாவ்பாக்-டீடெல்காப்ஃப் என்ற கிராமத்து கிளப்பில். அன்றைய ஜெர்மன் லீக் அடுக்கில் அது ஏழாம் நிலை. மேலே இரண்டு பூண்டஸ்லிகாக்கள், அவற்றுக்குக் கீழே ரீஜியோனல்லிகா, ஓபர்லிகா, ஃபெர்பாண்ட்ஸ்லிகா, லாண்டெஸ்லிகா, அதற்கும் கீழே இவர் ஆடிய பெசிர்க்ஸ்லிகா. அங்கிருந்து ஹோம்புர்க் கிளப்புக்கு ஓராண்டு. 1999இல் கைசர்ஸ்லாட்டர்ன், அதுவும் முதலில் இரண்டாம் அணியில். 2000 ஏப்ரலில் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் அவரை முதன்முறையாக பூண்டஸ்லிகா களத்தில் இறக்கினார். அப்போது வயது 21. இன்று அந்த வயதில் முதல் ஆட்டம் ஆடுபவரைத் தாமதமாக வந்தவர் என்றே சொல்வார்கள்.

ஏழாம் நிலை லீக்கிலிருந்து உலகக்கோப்பை ஃபைனல் வரை அவருக்கு ஆனது நான்கே ஆண்டுகள். அவர் வாழ்க்கையில் வியக்க வேண்டிய செய்தி 16 கோல்களைவிட இதுதான் என்பது எங்கள் கருத்து.

தேசிய அணியில் முதல் ஆட்டம் எது?

2001 மார்ச் 24, லெவர்குசனில் அல்பேனியாவுக்கு எதிரான உலகக்கோப்பைத் தகுதி ஆட்டம். இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கி, 88ஆம் நிமிடத்தில் வெற்றிக் கோலை அடித்தார். முடிவு 2-1.

16 உலகக்கோப்பைக் கோல்களும் எந்தெந்த ஆட்டங்களில் வந்தன?

2002, ஜப்பான்-தென்கொரியா: ஐந்து. சப்போரோவில் சவூதி அரேபியாவை 8-0 என வென்றபோது மூன்று, அயர்லாந்துடன் 1-1 ஆன ஆட்டத்தில் ஒன்று, கேமரூனை 2-0 என வென்றபோது ஒன்று. ஐந்துமே தலையால் முட்டியவை.

2006, சொந்த மண்: மறுபடி ஐந்து. தொடக்க ஆட்டம் மியூனிக்கில், அன்று அவருக்கு 28ஆவது பிறந்தநாள். கோஸ்டா ரிகாவுக்கு இரண்டு கோல், ஆட்டம் 4-2. பெர்லினில் ஈக்வடாருக்கு இரண்டு. காலிறுதியில் 0-1 எனப் பின்தங்கியிருந்தபோது 80ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினாவுக்கு ஒன்று. சக வீரர் பலாக் அனுப்பிய பந்தை இன்னொரு வீரர் போரோவ்ஸ்கி தலையால் தட்டிவிட, அதைக் குளோசே முட்டினார். ஆட்டம் பெனால்டி ஷூட்-அவுட்டுக்குப் போய் ஜெர்மனி வென்றது. தொடரில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணி அவருக்குத்தான். ஐந்து என்ற அவ்வளவு குறைந்த எண்ணிக்கைக்கு முதலிடம் கிடைத்தது, நான்கு கோலே போதுமாயிருந்த 1962க்குப் பிறகு அதுவே முதல்முறை.

2010, தென்னாப்பிரிக்கா: நான்கு. ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு இரண்டு. அந்தக் காலிறுதி அவரது 100ஆவது சர்வதேச ஆட்டம்.

2014, பிரேசில்: இரண்டு. ஃபோர்டலேசாவில் கானாவுக்கு எதிராக 69ஆம் நிமிடத்தில் இறங்கி 71ஆம் நிமிடத்தில் 2-2 ஆக்கினார். பெலோ ஒரிசோந்தியில் பிரேசிலை 7-1 என நொறுக்கிய அரையிறுதியில் 23ஆம் நிமிடக் கோல் அவருடையது. முதல் அடியை கோல்கீப்பர் ஜூலியோ செசார் தடுத்தார், திரும்பி வந்த பந்தை குளோசே உள்ளே தள்ளினார். 15 கோலோடு அதுவரை முதலிடத்தைப் பகிர்ந்திருந்த பிரேசிலின் ரொனால்டோ, தொலைக்காட்சி வர்ணனைக்காக அதே மைதானத்தில் இருந்தார். (போர்ச்சுகலின் கிறிஸ்டியானோ ரொனால்டோவோடு இவரைக் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. இவர் 2002 ஃபைனலில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தவர்.)

ஆக 16இல் ஏழு தலையால் வந்தவை. பெனால்டியில் வந்தது ஒன்றுகூட இல்லை. எல்லாமே பெனால்டி பகுதிக்குள் இருந்து அடித்தவை.

ஆள் அவ்வளவு உயரமில்லையே, தலையால் எப்படி இத்தனை கோல்?

அவர் உயரம் ஏறத்தாழ 1.82 மீட்டர். ஐரோப்பிய சென்டர் பேக்குகள் (நடுவில் நிற்கும் டிஃபெண்டர்கள்) பலர் அவரைவிட உயரம். அதனால் உயரத்தை நம்பி அவர் ஆடவில்லை, நேரத்தை நம்பி ஆடினார். 2002 கோல்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இந்த வரிசை தெரியும்.

பந்து பக்கவாட்டில் இருக்கும்போது அவர் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நிற்பார். டிஃபெண்டர் பந்தைப் பார்த்தால் இவரைப் பார்க்க முடியாது, இவரைப் பார்த்தால் பந்தைப் பார்க்க முடியாது. கிராஸ், அதாவது பக்கவாட்டிலிருந்து கோலின் முன்னே அனுப்பப்படும் பந்து, காலை விட்டுக் கிளம்பும் வரை இவர் நகர மாட்டார். கிளம்பிய பிறகு மூன்று நான்கு வேகமான எட்டுகள், பெரும்பாலும் டிஃபெண்டருக்கு முன்னால் குறுக்கே வெட்டி. ஓடிவந்த வேகத்திலேயே ஒற்றைக் காலில் எகிறுவார். நின்ற இடத்தில் குதிப்பவரைவிட ஓடிவந்து குதிப்பவர் உயரம் போவார் என்பதால் அங்கேயே உயர வித்தியாசம் அடிபட்டுப் போகும். காற்றில் உடம்பைப் பின்னுக்கு வில்லாக வளைத்து, கழுத்தை இறுக்கி, நெற்றியின் நடுவால் பந்தை முட்டுவார். முடிந்தவரை தரையை நோக்கி. கோல்கீப்பருக்கு முன்னால் ஒருமுறை தெறித்து எழும் பந்தைப் பிடிப்பது மிகக் கடினம்.

இதைப் பழகும் இளம் ஆட்டக்காரர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: சீக்கிரம் ஓடிவிடுவது. சீக்கிரம் போனால் பந்தின் அடியில் போய் நின்று குதிக்க வேண்டிவரும். அப்போது பந்து நெற்றிக்குப் பதில் உச்சந்தலையில் பட்டு கோல் கம்பத்துக்கு மேலே போகும். இன்னொன்று, கடைசி நொடியில் கண்ணை மூடிக்கொள்வது. மூடினால் பந்து எங்கே படுகிறது என்பது கையை விட்டுப்போகும்.

கிராஸ் அனுப்புபவரின் பங்கும் இதில் பெரிது. 2002இல் பலாக்கின் பந்துகள் இல்லாமல் அந்த ஐந்து கோல்களைப் பற்றிப் பேச முடியாது.

காலால் அடித்த கோல்களில் தனித்தன்மை ஏதாவது உண்டா?

உண்டு, பார்க்க எளிமையாக இருப்பதால் கவனிக்கப்படாமல் போகிறது. கானாவுக்கு எதிரான கோலை எடுத்துக்கொள்ளுங்கள். கார்னர் பந்தைச் சக வீரர் ஹோவெடெஸ் தலையால் தட்டுகிறார். அது கோலுக்கு வெளியே போகும் பந்து. குளோசே தட்டுதலுக்கு முன்பே தூரக் கம்பத்தை நோக்கிக் கிளம்பிவிட்டார், அதனால்தான் சறுக்கியபடி காலை நீட்டும்போது பந்து எட்டியது. கோஸ்டா ரிகாவுக்கு அடித்த இரண்டாவது கோலும் பிரேசிலுக்கு அடித்ததும் தன் முதல் முயற்சியே தடுக்கப்பட்டுத் திரும்பி வந்தவை. அடித்தபின் நின்று வேடிக்கை பார்க்காமல், கோல்கீப்பர் தட்டிவிடுவார் என்று எண்ணி அடுத்த எட்டை வைத்திருப்பார்.

இங்கிலாந்துக்கு எதிரான கோல் வேறு வகை. ஜெர்மன் கோல்கீப்பர் நோயர் தன் கோலிலிருந்து நேராக உதைத்த நெடும் பந்து. குளோசே, இங்கிலாந்து டிஃபெண்டர் அப்சனைத் தோளால் தடுத்து நிறுத்திக்கொண்டு, கீழே சாயும் நிலையில் கால்நுனியால் தள்ளினார். பந்து தொடும் முன்பே இடத்தைப் பிடித்துவிட்டதுதான் அந்தக் கோல்.

கிளப் ஆட்டங்களில் அவர் கணக்கு என்ன?

கைசர்ஸ்லாட்டர்னுக்கு 120 பூண்டஸ்லிகா ஆட்டங்களில் 44. வெர்டர் பிரேமனுக்கு 2004 முதல் 2007 வரை 89 ஆட்டங்களில் 53. பேயர்ன் மியூனிக்குக்கு 2007 முதல் 2011 வரை 98 ஆட்டங்களில் 24. மொத்தம் 307 ஆட்டங்களில் 121. பிறகு இத்தாலியில் லாசியோவுக்கு 2016 வரை அந்நாட்டின் முதல்நிலை லீக்கான சீரி ஆவில் 139 ஆட்டங்களில் 54.

வெவ்வேறு பட்டியல்களில் வெவ்வேறு எண் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் எதைச் சேர்த்தார்கள் என்பதுதான். லீக் மட்டுமா, உள்நாட்டுக் கோப்பை, ஐரோப்பியப் போட்டி, சூப்பர் கோப்பை எல்லாம் சேர்ந்ததா என்று பார்த்த பிறகே ஒப்பிட வேண்டும்.

அவரது உச்சம் பிரேமன். 2005-06 பருவத்தில் 26 ஆட்டங்களில் 25 கோல் அடித்து பூண்டஸ்லிகாவின் அதிக கோல் அடித்தவரானார். 2006இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருதும் கிடைத்தது. அந்த ஓராண்டில் ஐரோப்பாவின் முழுமையான சென்டர் ஃபார்வர்டு அவர்தான் என்று சொல்லத் தயங்க மாட்டோம்.

பேயர்னில் ஏன் சரிந்தது?

முதல் இரண்டு பருவங்களைச் சரிவு என்று சொல்லக் கூடாது. லீக்கில் பத்துப் பத்து கோல். 2007-08இல் பக்கத்தில் லூக்கா டோனி லீக்கில் அதிக கோல் அடித்தவரானார், குளோசே அவருக்கு இடம் திறந்துகொடுத்தார். 2008-09 சாம்பியன்ஸ் லீகில் ஏழு கோல்.

2009இல் லூயி வான் கால் பயிற்சியாளராக வந்தார், மரியோ கோமெஸும் ஓலிச்சும் அணியில் சேர்ந்தார்கள், இளம் தாமஸ் முல்லர் எழுந்து வந்தார். முன்களத்தில் இருந்ததோ ஒன்று அல்லது இரண்டு இடம். 2009-10 லீக்கில் மூன்று கோல், 2010-11இல் ஒன்றே ஒன்று. ஆட்ட நேரம் குறைய, உடலின் கூர்மையும் குறைந்தது.

ஆனால் அதே காலத்தில் தேசிய அணியில் நடந்ததைப் பாருங்கள். 2009 அக்டோபரில் மாஸ்கோவில் ரஷ்யாவை 1-0 என வென்று உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றபோது கோல் இவருடையது. மூன்று லீக் கோலோடு 2010 உலகக்கோப்பைக்குப் போய் நான்கு அடித்தார். அடுத்து 2012 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிச் சுற்றில் ஒன்பது. தேசிய அணியின் பயிற்சியாளர் யோகிம் லோவ் அவரைக் கிளப் கணக்கை வைத்து அளக்கவில்லை. அணியின் ஆட்டமுறை அவருக்கு மனப்பாடம். போடோல்ஸ்கி, ஸ்வைன்ஸ்டைகர், ஓசில் எப்போது பந்தை விடுவார்கள் என்பது தெரியும். பந்து போனதும் எதிரணி டிஃபெண்டரை முதலில் நெருக்குபவரும் அவர்தான்.

லாசியோவில் என்ன செய்தார்?

33 வயதில், ஒப்பந்தம் முடிந்து, மாற்றுத் தொகை இல்லாமல் போனார். ஓய்வுபெறப் போகிறவர் என்று நினைத்தவர்களுக்குப் பதில் 2011 அக்டோபரிலேயே வந்தது. ஒரே நகரின் எதிரணியான ரோமாவுக்கு எதிரான டெர்பி ஆட்டத்தில், கூடுதலாகக் கொடுக்கப்பட்ட மூன்றாவது நிமிடத்தில் வெற்றிக் கோல். 2013 மே 5 அன்று போலோன்யாவை 6-0 என வென்ற ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்தார். அதே மாதம் ரோமாவை 1-0 என வென்று இத்தாலியின் உள்நாட்டுக் கோப்பையான கோப்பா இத்தாலியாவை வாங்கிய அணியிலும் இருந்தார்.

அடித்த கோலைத் தானே வேண்டாம் என்றாராமே?

இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்துக் குழப்புகிறார்கள்.

முதலாவது 2005 ஏப்ரல், பிரேமன் – ஆர்மீனியா பீலஃபெல்ட் ஆட்டம். கோல்கீப்பர் இவரை வீழ்த்தியதாக நடுவர் பெனால்டி கொடுத்தார். கோல்கீப்பர் பந்தைத்தான் தொட்டார் என்று குளோசே சொல்ல, நடுவர் முடிவை மாற்றினார்.

இரண்டாவது 2012 செப்டம்பர் 26, நேபிள்ஸில் நாப்போலி – லாசியோ. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கார்னரிலிருந்து வந்த பந்து இவர் கையில் பட்டு உள்ளே போனது. கோல் என்று அறிவிக்கப்பட்டது. கையில் பட்டது என்று நடுவரிடம் இவரே ஒப்புக்கொள்ள, கோல் நீக்கப்பட்டது. நாப்போலி வீரர்கள் வந்து கைகுலுக்கினார்கள். லாசியோ அந்த ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றது. 0-0 என்ற நிலையில், எதிரணி மைதானத்தில், வீடியோ நடுவர் இல்லாத காலத்தில் சொன்ன உண்மை அது. அதன் விலையைத் தெரிந்துதான் சொன்னார்.

பலவீனமான அணிகளுக்கு எதிராக மட்டும் அடித்தவர் என்பது சரியா?

2002க்கு மட்டும் பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஐந்தும் குழுச் சுற்றில் வந்தவை, நாக்-அவுட் ஆட்டங்களில் ஒன்றும் இல்லை. ஃபைனலில் பிரேசிலிடம் 0-2 எனத் தோற்றபோதும் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

பிந்தைய மூன்று உலகக்கோப்பைகளுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது. அர்ஜென்டினாவுக்கு மூன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, பிரேசிலுக்கு ஒன்று; ஐந்துமே நாக்-அவுட்டில். 2008 யூரோவில் காலிறுதியில் போர்ச்சுகலுக்கும் அரையிறுதியில் துருக்கிக்கும் அடித்தார்.

இன்னொரு கணக்கும் உண்டு: குளோசே கோல் அடித்த எந்த ஆட்டத்திலும் ஜெர்மனி தோற்றதில்லை. சில சமநிலையில் முடிந்தன. ஸ்வீடனுக்கு எதிராக 2012இல் 4-0 முன்னிலையைத் தொலைத்து 4-4 ஆன ஆட்டத்தில் இரண்டு கோல் இவருடையவை.

கெர்ட் முல்லரைவிடப் பெரியவரா?

கோல் அடிப்பவர் என்ற அளவில் இல்லை. அதுவரை ஜெர்மனிக்காக அதிக கோல் அடித்திருந்த முல்லர் 62 சர்வதேச ஆட்டங்களில் 68 கோல். 2014 ஜூன் 6 அன்று மைன்ஸில் ஆர்மீனியாவுக்கு எதிராக 69ஆவது கோலை அடித்து குளோசே அதைத் தாண்டியபோது, முல்லரைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடியிருந்தார். உலகக்கோப்பையிலும் முல்லர் இரண்டே தொடர்களில் 14.

குளோசேயின் பெருமை வேறிடத்தில். நான்கு உலகக்கோப்பைகள், நான்கிலும் அரையிறுதி ஆட்டம், நான்கிலும் பதக்கம்: 2002இல் வெள்ளி, 2006, 2010இல் வெண்கலம், 2014இல் தங்கம். 24 வயதில் ஒரு மாதிரியும் 36 வயதில் வேறு மாதிரியும் ஆடி இரண்டிலும் அணிக்குத் தேவைப்பட்டார்.

2010இல் ரொனால்டோவின் 15ஐ ஏன் எட்டவில்லை?

செர்பியாவுக்கு எதிரான ஆட்டத்தில் 37ஆம் நிமிடத்தில் இரண்டாவது மஞ்சள் அட்டை, வெளியேற்றம். அடுத்த நிமிடமே செர்பியா கோல் அடித்து 1-0 என வென்றது. தடையால் கானா ஆட்டம் போனது. மூன்றாம் இட ஆட்டத்தை முதுகுவலியால் இழந்தார். மொத்தம் ஐந்து ஆட்டங்களில் நான்கு கோலோடு நின்றது.

2014 ஃபைனலில் ஆடினாரா?

ஆடினார், தொடக்கப் பதினொருவரில். 88ஆம் நிமிடத்தில் அவருக்குப் பதிலாக மரியோ கெட்சே இறங்கினார். 113ஆம் நிமிடத்தில் கோப்பையை வென்ற கோலை அடித்தவர் அந்த கெட்சே. குளோசே ஆகஸ்டில் தேசிய அணியிலிருந்து விடைபெற்றார். 2016 நவம்பரில் ஆட்ட வாழ்வையே முடித்துக்கொண்டார்.

அந்தக் குட்டிக்கரணம்?

கோல் அடித்ததும் அந்தரத்தில் முன்பக்கமாக ஒரு சுற்று சுற்றி இறங்குவது 2002இல் அவர் அடையாளம். வயது ஏற ஏற நிறுத்திவிட்டார். கானாவுக்கு எதிராக 36 வயதில் மறுபடி முயன்றார். சுற்று வந்தது, இறங்கியதில் கால் நிற்கவில்லை.

சாதனையை நெருங்கியிருப்பது யார்?

2022 உலகக்கோப்பை முடிந்த நிலையில் லயனல் மெஸ்ஸி 13, கிலியன் எம்பாப்பே 12. எம்பாப்பே அந்த 12ஐ இரண்டே தொடர்களில் எட்டினார் என்பதை மறக்கக் கூடாது.

பயிற்சியாளராக?

2018 முதல் பேயர்னின் 17 வயதுக்குட்பட்டோர் அணி, 2020-21இல் ஹான்சி ஃபிளிக்கின் துணைப் பயிற்சியாளர், 2022 கோடையில் ஆஸ்திரியாவின் ஆல்டாக். அங்கே பருவம் முடியும் முன்பே, 2023 மார்ச்சில், பொறுப்பு பறிபோனது. 2024 கோடையில் இரண்டாம் பூண்டஸ்லிகாவின் நியூரம்பெர்க் அணியை ஏற்றார்.

இப்போது புதிதாகப் பார்க்க நினைப்பவர் எந்த ஆட்டத்தில் தொடங்கலாம்?

சவூதி அரேபியா ஆட்டத்தில் தொடங்க வேண்டாம், எதிரணி அன்று சிதறிப்போயிருந்தது. 2006 அர்ஜென்டினா காலிறுதியை முழுதாகப் பாருங்கள், கோல் தொகுப்பாக அல்ல. அயாலா, ஹைன்சே போன்ற டிஃபெண்டர்கள் அவரை எப்படிக் கட்டிப்போட்டார்கள், 80 நிமிடம் வரை அவர் எப்படி ஒவ்வொரு கிராஸுக்கும் ஓடினார் என்பது அதில்தான் புரியும். பிறகு 2010 அர்ஜென்டினா ஆட்டம். அதில் பந்து இல்லாதபோது அவர் டிஃபெண்டர்களை எந்தப் பக்கம் இழுத்துப்போகிறார் என்று மட்டும் பாருங்கள். அவர் விட்டுப்போன இடத்தில் யார் வந்து நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்தே தெரியும்.